முதலில் உங்கள் கையை அளவெடுங்கள்: ஸ்பாஸ்டிசிட்டியை அணியும் சென்சாரால் அளப்பது எப்படி

ஸ்பாஸ்டிசிட்டி என்பது மூளையோ தண்டுவடமோ பழுதானவர்களுக்கு வரும் ஒருவகைத் தசை இறுக்கம். மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸில் அதைச் சோதிக்க ஒருவரின் முழங்கையை வேகமாக நீட்டுகிறோம். பாதி வழியில் டக்கென்று ஏதோ பிடித்து நிறுத்துகிறது. அதைத்தான் கேட்ச் என்கிறோம். ஒரு பிசியோ அதைப் பார்த்து, இறுக்கத்தை எண்ணாக்கும் ஆஷ்வொர்த் அளவுகோலில் 2 என்று எழுதுவார். அரை மணி கழித்து வரும் இன்னொருவர் அதே கையைப் பிடித்துவிட்டு 1+ என்பார். இருவர் மேலும் தப்பில்லை. முதலாமவர் வெடுக்கென்று இழுத்திருப்பார், அடுத்தவர் பதமாக இழுத்திருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

நான் முதன்முதலாக ஒரு நோயாளியின் முன்கையில் சென்சாரைக் கட்டிப் பத்து முறை "ஒரே மாதிரி" நீட்டினேன். திரையைப் பார்த்தால், மெதுவானது விநாடிக்கு 110 டிகிரி, வேகமானது 260. பழகிய கை என்று நான் நம்பிக்கொண்டிருந்த கை அது. இந்தக் கருவி முதலில் அளப்பது சோதிப்பவரின் கையை, அதற்குப் பிறகுதான் நோயாளியின் தசையை என்பது அன்றைக்குப் புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்

தசை இறுக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லா இறுக்கமும் ஸ்பாஸ்டிசிட்டி ஆகாது. ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் கொடுத்த வரையறைதான் இன்றும் பெரும்பாலோர் கையாள்வது: மூளையிலோ தண்டுவடத்திலோ மேல் இயக்க நரம்புப் பாதை பழுதானதால் நீட்சி அனிச்சை (நீட்டப்படும் தசை தானாகச் சுருங்குவது) மிகையாகி, நீட்டும் வேகம் கூடக்கூடத் தசையின் எதிர்ப்பும் கூடுவது. பக்கவாதம், பெருமூளை வாதம், தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாவற்றிலும் இது வரும். இதே நோயாளிகளுக்குத் தசையும் தசைநாணும் சுருங்கிப்போன காண்ட்ராக்சரும் வரும். அது மெதுவாக நீட்டினாலும் விடாது. முன்னதற்கு போட்டாக்ஸ் ஊசியோ பேக்லோஃபென் மருந்தோ உதவலாம். பின்னதற்கு ஸ்பிளின்ட், தொடர்ந்த நீட்சிப் பயிற்சி, சில நேரம் அறுவை சிகிச்சை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வேகம் ஒன்றுதான்.

ஆஷ்வொர்த் 1964-இல் தந்த அளவுகோலும், 1987-இல் போஹானனும் ஸ்மித்தும் 1+ சேர்த்துத் திருத்திய வடிவமும் ஒரே ஒரு வேகத்தில் கை உணரும் எதிர்ப்பை எண்ணாக்குகின்றன. திருத்திய வடிவத்தில் 0, 1, 1+, 2, 3, 4 என்று ஆறு படிகள். எளிது, ஒரு நிமிடத்தில் முடியும், ஆனால் வேகத்தை எங்கும் பதிவதில்லை. 1954-இல் டார்டியூ தொடங்கிவைத்த முறையில் வேகம் உள்ளேயே இருக்கிறது. வி1 முடிந்த அளவு மெதுவாக, வி2 புவியீர்ப்பில் கை தானாக விழும் வேகம், வி3 முடிந்த அளவு வேகமாக. மெதுவாக நீட்டும்போது கிடைக்கும் முழு எல்லைக் கோணம் ஆர்2. வேகமாக நீட்டும்போது கேட்ச் வரும் கோணம் ஆர்1. இவற்றுக்கு இடைப்பட்ட தூரம் அனிச்சையின் பங்கைச் சொல்கிறது. சென்சார் வைத்து நாம் செய்யப்போவதும் டார்டியூவேதான். கண்ணுக்கும் கோணம் அளக்கும் கோனியோமீட்டருக்கும் பதிலாக ஒரு கருவி, அத்துடன் நாம் எவ்வளவு வேகமாக இழுத்தோம் என்பதற்கு ஒரு சாட்சி.

என்ன வாங்குவது

இரண்டு வகை சென்சார் போதும். ஒன்று ஐஎம்யு. தீப்பெட்டி அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ இருக்கும், உள்ளே முடுக்கத்தை உணரும் ஆக்ஸிலரோமீட்டரும் சுழலும் வேகத்தை உணரும் கைரோஸ்கோப்பும், பலவற்றில் காந்தப்புலத்தை உணரும் மேக்னடோமீட்டரும் இருக்கும். அசைவைச் சொல்வது இதன் வேலை. மற்றது தோலின் மேல் ஒட்டித் தசையின் மின்சிக்னலை அளக்கும் இஎம்ஜி, தசை எப்போது விழித்தது என்று சொல்லும். கையில் பிடித்து அழுத்தும் விசை அளவி கிடைத்தால் நல்லது, தொடக்கத்தில் கட்டாயமில்லை.

ஐஎம்யுவில் இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது கைரோவின் வீச்சு. பல கருவிகளில் விநாடிக்கு 250, 500, 1000, 2000 டிகிரி என்று தெரிவு இருக்கும். 250-இல் விட்டுவிட்டால் வேகமான நீட்சியில் கோடு மலையுச்சியைக் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக நிற்கும். 1000-இல் வையுங்கள். இரண்டாவது, விநாடிக்கு எத்தனை மாதிரி, அதாவது எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது. 50 என்றால் இரண்டு மாதிரிக்கு நடுவே 20 மில்லிவிநாடி. கை விநாடிக்கு 300 டிகிரியில் போகும்போது அந்த இடைவெளியில் 6 டிகிரி கடந்துவிடும். 200 மாதிரி என்றால் அதுவே 1.5 டிகிரி. 100-க்குக் கீழே போகாதீர்கள், 200 கிடைத்தால் விடாதீர்கள்.

இஎம்ஜிக்கு விநாடிக்கு 1000 மாதிரியாவது வேண்டும். மலிவான சில பலகைகள் கச்சாச் சிக்னலைத் தராமல், வழவழப்பாக்கிய மேடுபள்ளத்தை மட்டும் தரும். விளையாட்டுக்கு அது போதும். நம் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் வழவழப்பாக்கும்போதே தொடக்க நேரம் தள்ளிப்போய்விடும்.

எப்போது தொடக்கூடாது

வேகமாக நீட்டுவது ஒரு தூண்டுதல் என்பதை மறக்காதீர்கள். புதிய எலும்பு முறிவு, காலில் இரத்தம் உறைந்திருக்கும் சந்தேகம், நழுவிய தோள், மூட்டருகே வேண்டாத எலும்பு வளர்ச்சி, ஒட்டும் இடத்தில் புண் இருந்தால் தள்ளிப்போடுங்கள். தண்டுவடத்தில் டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று ஏறக்கூடும். திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை தெரிந்தால் உடனே நிறுத்தி, உட்காரவைத்து, உதவிக்குக் கூப்பிடுங்கள். மருத்துவரிடமோ பொறுப்பிலுள்ள பிசியோவிடமோ கேட்காமல் பொறியியல் மாணவர்கள் தனியாக இதைச் செய்யக்கூடாது. கருவி நம்முடையது என்பதால் கையும் நம்முடையதாகிவிடாது.

இன்னொன்று. நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், இறுக்கமான காலணி, குளிர், பதற்றம், இவை எல்லாம் ஸ்பாஸ்டிசிட்டியை ஏற்றிக் காட்டும். போன வாரத்தைவிட இன்றைக்கு எண் சடாரென்று ஏறியிருந்தால் கருவியைச் சந்தேகிக்குமுன் நோயாளியிடம் கழிப்பறைக்குப் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று கேளுங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டும் விதம்

முழங்கையையே எடுத்துக்கொள்வோம், பழகுவதற்கு ஏற்ற மூட்டு. நோயாளி மல்லாந்து படுத்திருக்கட்டும், தலை நேராக, மேற்கை உடலோடு ஒட்டித் தலையணையில். தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தாலே தசையின் தொனி, அதாவது அதன் விறைப்பு, மாறும் ஆட்கள் உண்டு.

முன்கை சென்சாரை மணிக்கட்டருகே வாட்ச் மாதிரிக் கட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். அங்கே ஒரு சிக்கல். நீட்டும்போது உள்ளங்கை சற்றுத் திரும்பினாலும் மணிக்கட்டோடு சென்சாரும் சுழலும், அந்தச் சுழற்சியை முழங்கை அசைவு என்று கருவி எண்ணிக்கொள்ளும். சுண்டுவிரல் பக்கம் முழங்கையிலிருந்து இறங்கும் அல்னா எலும்பின் முகட்டைத் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும். அதன் மேல், முன்கையின் மேல்பாதியில் வையுங்கள். அல்னா அப்படித் திரும்பாது. இரண்டாவது சென்சார் மேற்கையின் வெளிப்புறம், பைசெப்ஸின் மேடு இல்லாத இடத்தில். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால் மேற்கையை அசையாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். காலுக்கு வந்தால் முன்கால் எலும்பின் உட்புறத் தட்டைப் பகுதி நல்ல இடம். எங்கானாலும் விதி ஒன்றுதான், சதை குலுங்கும் இடத்தில் வேண்டாம்.

சென்சாரின் மேல் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போடுங்கள், விரல் பக்கம் பார்த்து. நான் போடாமல் விட்ட ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு தலைகீழாகக் கட்டிவிட்டேன். கோணம் எல்லாம் எதிர்மறையாக வந்தது. மென்பொருளில் பிழை என்று ஒரு மணி நேரம் நிரலைத் துருவிக்கொண்டிருந்தேன். இடது கைக்கு மாறும்போதும் குறி மாறும், மறக்காதீர்கள்.

இஎம்ஜிக்குத் தோலைத் தயார் செய்வதில் சோம்பல் கூடாது. முடி இருந்தால் மழித்து, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். இரண்டு எலெக்ட்ரோடுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 20 மில்லிமீட்டர், தசைநார் ஓடும் திசையில். பைசெப்ஸுக்கு, தோள்மேட்டின் உட்புறத்திலிருந்து முழங்கை மடிப்புக்கு ஒரு கோடு இழுத்து, மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே. செனியம் என்ற ஐரோப்பியப் பரிந்துரை இப்படித்தான் சொல்கிறது. பின்புற டிரைசெப்ஸிலும் ஒரு சேனல் ஒட்டிவிடுங்கள். நல்ல மனசோடு "நானும் உதவுகிறேன்" என்று கையைத் தாமே நீட்டிக்கொடுக்கும் நோயாளிகள் உண்டு. அதை டிரைசெப்ஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

பூச்சியம் வைப்பது

கைரோஸ்கோப் தருவது கோணம் அல்ல, கோணம் மாறும் வேகம். அதைக் கூட்டிக்கொண்டே போனால்தான் கோணம் கிடைக்கும். அசையாமல் மேசையில் கிடக்கும்போதுகூட அது சரியாகப் பூச்சியம் காட்டாது. விநாடிக்கு அரை டிகிரி பிசகு என்று வையுங்கள், ஒரு நிமிடத்தில் 30 டிகிரி நழுவிவிடும். ஆனால் ஒரு நீட்சி ஒரு விநாடிக்குள் முடிகிறது, அதற்குள் நழுவுவது அரை டிகிரிதான். ஆகவே நீண்ட பதிவு எடுத்துக் கடைசியில் திருத்துவதைவிட, ஒவ்வொரு நீட்சிக்கு முன்பும் மூன்று விநாடி அசையாமல் வைத்து, அந்த மூன்று விநாடியின் சராசரியைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். தொடக்கக் கோணத்தை ஆக்ஸிலரோமீட்டர் சொல்லும், அசையாதிருக்கும்போது அது புவியீர்ப்பின் திசையைக் காட்டுவதால். நீட்சியும் மேலும் கீழுமான தளத்தில் நடக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டினால் புவியீர்ப்பு கைகொடுக்காது.

மேக்னடோமீட்டரை நான் அணைத்தே வைக்கிறேன். இரும்புக் கட்டில், சக்கர நாற்காலி, பக்கத்தில் ஓடும் மோட்டார் எல்லாம் அதைக் குழப்பும்.

பிறகு முழங்கையை மெதுவாக ஐந்து முறை மடக்கி நீட்டுங்கள். எந்த அச்சில் அசைவு பெரிதாக வருகிறதோ அதுவே மூட்டின் அச்சு. ஒரு அச்சில் பெரும்பங்கு வராமல் மூன்றிலும் சிதறினால் சென்சார் கோணலாக இருக்கிறது, கழற்றிக் கட்டுங்கள்.

ஐஎம்யுவும் இஎம்ஜியும் தனித்தனிக் கருவியென்றால் இரண்டின் கடிகாரத்தையும் இணைக்க வேண்டும். 50 மில்லிவிநாடி பிசகினால் விநாடிக்கு 200 டிகிரி வேகத்தில் 10 டிகிரி தப்பு. எளிய வழி: பதிவைத் தொடங்கியதும் ஐஎம்யுவை எலெக்ட்ரோடின் மேல் வைத்து மூன்று முறை தட்டுங்கள். இரண்டு பதிவிலும் மூன்று முள் எழும்பும், அவற்றை ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளலாம். முடிவிலும் ஒரு முறை தட்டினால் கடிகாரங்கள் இடையில் விலகினவா என்றும் தெரியும்.

மெதுவாக, பிறகு வேகமாக

முதலில் மெதுவான நீட்சி. விநாடிக்கு 20 டிகிரிக்கு மேல் போகாமல், அதாவது 120 டிகிரியைக் கடக்க ஆறு விநாடி. மனதுக்குள் எண்ணினால் போதும். மூன்று முறை. இஎம்ஜி அமைதியாக இருந்து, கை ஓரிடத்தில் நின்றால் அந்தக் கோணம் ஆர்2. மெதுவாக நீட்டும்போதே இஎம்ஜி இரைந்தால் நோயாளி தளரவில்லை என்று பொருள், அல்லது ஓய்விலேயே தசை விழித்திருக்கிறது. சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் அதையே கண்டறிதலாக எழுதுங்கள்.

பிறகு வேகமான நீட்சிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 10 விநாடி, முடிந்தால் அதற்கு மேலும் ஓய்வு. அடுத்தடுத்து இழுத்தால் அனிச்சை மங்கிவிடும், மூன்றாவது நீட்சி முதலாவதைவிட நல்ல பிள்ளையாகத் தெரியும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி இழுக்கவும் வேண்டாம். எதிர்பார்ப்பில் தசை தயாராகிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, நேரத்தை மாற்றி மாற்றி இழுங்கள். மிதமானது, வேகமானது, மிக வேகமானது என்று கலந்து பத்துப் பன்னிரண்டு நீட்சி எடுத்தால் போதும். வலிக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள், வலியும் தசையை இறுக்கும்.

உங்கள் விரல் எலெக்ட்ரோடின் மேலோ சென்சாரின் பட்டையிலோ படக்கூடாது. இது எல்லோரும் செய்யும் தவறு, நானும் இன்னமும் செய்கிறேன்.

கோடுகளைப் படிப்பது

திரையில் மூன்று கோடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள்: கோணம், கோண வேகம், இஎம்ஜி. நல்ல நீட்சியில் வேகக் கோடு மலைபோல் ஏறி இறங்கும். கேட்ச் உள்ள நீட்சியில் ஏறிய கோடு உச்சியைத் தாண்டியதும் கிணற்றில் கல் விழுந்ததுபோல் சரியும், சில நேரம் ஒரு சின்னத் துள்ளலோடு. சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும் கணம், அதாவது வேகம் குறைவது உச்சமாக இருக்கும் கணம்தான் கேட்ச். அந்தக் கணத்தில் கோணம் என்ன என்று மேல் கோட்டில் பாருங்கள், அது ஆர்1.

இங்கே ஏமாற இடமுண்டு. மூட்டின் எல்லையில் முட்டினாலும் வேகம் சரியும். நாமே பயந்து கையைப் பின்வாங்கினாலும் சரியும். கேட்ச் என்று நம்ப இரண்டு சாட்சி வேண்டும்: அந்தக் கோணம் ஆர்2-க்கு முன்பே வந்திருக்க வேண்டும், சரிவுக்குச் சற்று முன் பைசெப்ஸ் இஎம்ஜி வெடித்திருக்க வேண்டும்.

இஎம்ஜியை 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, எதிர்மறை மதிப்புகளை நேர்மறையாக்கிக்கொள்ளுங்கள். அசைவால் வரும் அலை பெரும்பாலும் 20-க்குக் கீழே போய்விடும். நீட்சிக்கு முந்தைய அமைதியான பகுதியின் சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டி, அந்த மட்டத்தைத் தாண்டி 25 மில்லிவிநாடியாவது நிலைத்தால் அதுவே தொடக்கம். நிரல் காட்டும் இடத்தை ஒவ்வொரு நீட்சிக்கும் கண்ணாலும் சரிபாருங்கள். பன்னிரண்டு நீட்சிதானே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முழங்கை முழுதும் நிமிர்ந்தால் 0, மடங்க மடங்க எண் கூடும் என்று கொள்வோம். மெதுவாக நீட்டியபோது 15 டிகிரி வரை போனது, வேகமாக நீட்டியபோது 70-இல் கேட்ச். வித்தியாசம் 55, அனிச்சையின் பங்கு பெரிது. கடைசி 15 டிகிரி மெதுவாக இழுத்தும் வரவில்லை, அது சுருக்கத்தின் கணக்கு. இன்னொருவருக்கு ஆர்2 50, ஆர்1 58 என்றால் கையால் பார்க்கும்போது இருவரும் ஒரே மாதிரி "இறுக்கம்"தான். ஆனால் இவருக்கு ஸ்பாஸ்டிசிட்டி சிறிது, சுருக்கமே பெரிது.

இன்னும் ஒரு படி போகலாம். ஒவ்வொரு நீட்சிக்கும் இஎம்ஜி தொடங்கிய கணத்தின் வேகத்தையும் கோணத்தையும் ஒரு புள்ளியாக வரையுங்கள். 300 வேகத்தில் 100 டிகிரியிலும், 200-இல் 80-இலும், 100-இல் 60-இலும் தசை விழித்தால் கோடு நேராக இறங்கும். அதை வேகம் பூச்சியம் வரை நீட்டினால் 40-இல் வெட்டும். இதற்குத் தொனிசார் நீட்சி அனிச்சை வாசல் என்று சொல்லலாம். அசையாமல் இருந்தால்கூட 40 டிகிரியைத் தாண்டி நிமிர்ந்த நிலையில் இந்தத் தசை தளர முடியாது என்பது அதன் பொருள். ஆரோக்கியமான ஒருவருக்கு ஓய்வில் இந்த வாசல் மூட்டின் எல்லைக்கு வெளியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அளவு இதுதான், காரணம் எளிது. நான் வேகத்தை ஒரே மாதிரி வைக்கத் தேவையில்லை, வேறுபாடே இங்கே தரவாகிவிடுகிறது.

சென்சார் தரவை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்து ஆஷ்வொர்த் எண்ணைக் கணிக்கும் முயற்சிகளை நிறையப் பார்ப்பீர்கள். எதன் குறையைத் தாண்டக் கருவி வாங்கினோமோ அதையே கருவிக்குப் பாடமாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கையே வேண்டாம் என்றால்

முழங்காலுக்கு ஒரு அழகான வழி இருக்கிறது. வார்ட்டன்பெர்க் 1951-இல் விவரித்த ஊசல் சோதனை. நோயாளியை மேசை விளிம்பில் கால் தொங்க, பின்னால் சாய்த்து உட்காரவைத்து, காலைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து விட்டுவிட வேண்டும். இழுப்பது புவியீர்ப்பு, சோதிப்பவரின் கை இங்கே கணக்கில் இல்லை. முன்காலில் ஒரே ஒரு ஐஎம்யு போதும். விட்ட இடத்திலிருந்து கடைசியில் கால் அமைதியாகும் இடம் வரை உள்ள கோணத்தை 1.6-ஆல் பெருக்கி, முதல் ஊஞ்சலின் கோணத்தை அதனால் வகுத்தால் தளர்வு எண் கிடைக்கும். அமைதியாகும் கோணம் 75, முதல் ஊஞ்சல் 120 என்றால் எண் 1, இயல்பு. ஊஞ்சல் 60-லேயே நின்றால் 0.5. விடும்போது கால் மேல்நோக்கித் துள்ளினால் நோயாளி பிடித்துக்கொண்டிருந்தார், மறுபடி செய்யுங்கள்.

கணுக்காலில் குளோனஸ் என்ற தொடர் அதிர்வு இருந்தால் ஐஎம்யு அதையும் தானாகப் பிடித்துவிடும். விநாடிக்கு ஐந்து முதல் எட்டு அதிர்வு வரை சீராக வரும். 10 விநாடிக்குள் ஓய்கிறதா, ஓயாமல் நீள்கிறதா என்பதை மட்டும் குறித்தால் போதும்.

இரண்டாம் முறை வரும்போது

எலெக்ட்ரோடு இருந்த இடத்தை எலும்பு அடையாளங்களிலிருந்து சென்டிமீட்டரில் எழுதி வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே நேரம், அதே படுக்கை நிலை, முடிந்தால் அதே ஆள். இஎம்ஜியின் உயரத்தை இரண்டு நாள்களுக்கு இடையே ஒப்பிட வேண்டாம். தோலும் ஒட்டிய இடமும் மாறினால் உயரம் மாறும். எந்தக் கோணத்தில் தொடங்கியது என்பதை ஒப்பிடலாம்.

போட்டாக்ஸ் போட்டவரென்றால் ஊசிக்கு முன் ஒரு முறை, ஒரு மாதமளவில் ஒரு முறை, அதன் பலன் தணியும் மூன்றாம் மாதத்தில் ஒரு முறை என்று பாருங்கள். ஒப்பிடும்போது இரண்டு நாள்களிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நடந்த நீட்சிகளை மட்டும் எடுங்கள். நான் விநாடிக்கு 20 டிகிரி வித்தியாசம் வரை விடுகிறேன். முதல் நாள் 250-இல் இழுத்துவிட்டு, ஊசிக்குப் பிறகு 160-இல் இழுத்தால் கேட்ச் தள்ளிப்போகத்தான் செய்யும், மருந்தே போடாவிட்டாலும். அந்த வடிகட்டலில் பன்னிரண்டு நீட்சியில் மூன்றுதான் மிஞ்சுகிறதென்றால் மூன்றை வைத்தே எழுதுங்கள். மூன்றும் மிஞ்சாவிட்டால் நோயாளியைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை கையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.